ஒப்புக்குச் சப்பாணி

சின்ன வயசு விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவன் இருப்பான். அநேகமாக யாருடைய தம்பியாவது. விட்டுவிட்டுப் போனால் அழுவான் என்று சேர்த்துக்கொள்வோம். ஓடுவான், ஒளிவான், ஆனால் பிடிபட்டாலும் கணக்கில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே இதைச் சத்தமாகச் சொல்லிவிடுவோம்.

பெரியவர்கள் ஆட்டத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். பர்மாவில் நம் சனம் பட்ட பாடெல்லாம் இதில் அடங்கும் என்று எனக்குப் படுகிறது.

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் டாலா. ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை அங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில் மேஸ்திரி இந்தியாவுக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வருவார். அப்புறம் கூலியில் அவருக்குப் பங்கு. தாத்தா சொல்வார்: "நாங்க அவரை அண்ணேம்போம், அவரு தம்பிம்பாரு. கடனைப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேச மாட்டோம்."

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தன. பிறகு சமரசம் ஆனதும் மே 26 அன்று பர்மியர்களை "போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டன. ஒப்புக்குத்தான் சேர்த்தோம் என்று முதலிலேயே யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்து நம்மவர் சிலர் சிரித்தார்கள். அன்று மூண்ட கலவரத்தில் அரசுக் கணக்கிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். ஆட்டத்தை நடத்திய துரைமார்மீது ஒரு கல்லும் விழவில்லை!

நான் டாலாவில் பையனாகத் திரிந்தபோது பர்மியப் பையன்களோடு சின்லோன் ஆடுவோம். வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்ட வேண்டும். எதிரணி கிடையாது, தோற்பவன் கிடையாது. பந்து கீழே விழக்கூடாது, அவ்வளவுதான். எவனாவது என்னை 'கலா' என்று கூப்பிட்டால் நானும் ஒன்று சொல்வேன், முடிந்தது. இந்தியர்களைக் கேலியாகக் குறிக்கும் அதே சொல்லைக் கடைத்தெருவில் பெரியவர்கள் சொன்னால், எங்கள் பெரியவர்கள் காதில் விழாத மாதிரி சிரிப்பார்கள். நாமும் இந்த ஊர்தான் என்று அவர்கள் நினைத்ததற்கு அந்தச் சிரிப்புதான் ஆதாரம்.

அந்த ஆதாரம் எங்கும் செல்லவில்லை. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த சில வருடங்களில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். 1965-ல் நாங்களும் கப்பலேறினோம். தமிழ்நாட்டில் இறங்கினால் அங்கே 'பர்மாக்காரங்க' என்று பெயர். சொந்த ஊரிலும் சப்பாணிதான்.

டாலாவிலேயே தங்கிவிட்டவர்களில் பலருக்கு வெளியே பர்மியப் பெயர், வீட்டுக்குள் தமிழ்ப் பெயர். அக்கம்பக்கத்தாருக்கு இரண்டும் தெரியும், யாரும் கேட்டுக்கொள்வதில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் வந்துதான் அந்த மௌனத்தை எழுத்தில் போட்டது. 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனங்களுக்கு முதலிடம். மற்றவர்களில் ஒரு பிரிவுக்கு 'இணைக் குடிமகன்' என்று பெயர். பர்மிய மொழியில் அதற்கு 'விருந்தாளிக் குடிமகன்' என்றே அர்த்தம். அட்டையின் நிறமும் வேறு. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, விருந்தாளிக்கு நீலம். மூன்று தலைமுறையாகத் தெரியாமல் ஆடியவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் உங்களுக்கும் இது புதிதாக இருக்காது. பாஸ்போர்ட் வாங்கி வருடக்கணக்கான பிறகும் "அதுசரி, உண்மையில் எந்த ஊர்?" என்று சிரித்தபடி கேட்பவர் இருப்பார். நாமும் சிரித்தபடி பதில் சொல்வோம். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உங்களைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சூழ்நிலையில் அதைப் பறிக்கலாம் என்று ஒருமுறை உட்கார்ந்து வாசித்துவிடுங்கள். எங்கள் பெரியவர்கள் அதை வாசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பை மட்டும் நம்பினார்கள்.