கட்டிலில் இருப்பவரை யார் கேட்பது?

காலை ரவுண்ட்ஸ். கட்டிலில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் விழித்தபடி சாய்ந்திருக்கிறார். டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, சுவரோரம் நிற்கும் மகனிடம் கேட்கிறார்: "ராத்திரி தூங்கினாரா? மோஷன் போனாரா?" தூங்கியவரும் போனவரும் எதிரிலேயே இருக்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் மகன் பதில் சொல்லிவிடுகிறார். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இது யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை.

இங்கிலாந்தில் இதே கட்டில் வேறு சட்டத்தின் கீழ் கிடக்கிறது. அங்கே 2005இல் இயற்றப்பட்ட மனத்திறன் சட்டம், வயதுவந்த எவரும் தம் முடிவைத் தாமே எடுக்க வல்லவர் என்ற அனுமானத்தில் தொடங்குகிறது. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பிறர் கண்ணுக்கு அசட்டுத்தனமாகப் படும் முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் திறனற்றவர் என்று சொல்லிவிட முடியாது. மகன், மகள் என்ற உறவு கையெழுத்துப் போடும் உரிமையைத் தருவதில்லை. பெரியவர் நல்ல நினைவோடு இருந்தபோதே எழுதிய, பதிவான அதிகாரப் பத்திரமோ நீதிமன்ற நியமனமோ இருந்தால்தான் அந்த உரிமை வரும்.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பேசியது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுக் கிடந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது அவர் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயின் சம்மதமே செல்லாதபோது, நினைவோடு இருக்கும் அப்பாவுக்காக மகன் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

ஆனால் சம்மதம் கேட்கும்முன் நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற கேள்வியில் இரு நாடுகளும் பிரிகின்றன. அதே தீர்ப்பு, மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுக்குச் சொன்னால் போதும் என்று நின்றுகொண்டது. நம் நோயாளிகளில் பெரும்பாலோரின் ஏழ்மையையும் படிப்பின்மையையும் அதற்குக் காரணமாகக் காட்டியது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமோ 2015இல் மான்ட்கோமரி வழக்கில், அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எதை முக்கியம் என்று கருதுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. அளவுகோல் டாக்டர் கையிலிருந்து நோயாளி கைக்குப் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இன்னும் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பதுதானே முறை? குறைத்துச் சொல்லலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவு சொன்னதும் இங்கிலாந்தைச் சொர்க்கமாக்கிவிடக் கூடாது. ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005க்கும் 2009க்கும் இடையே முதிய நோயாளிகள் பட்ட பாட்டை 2013இல் ஃபிரான்சிஸ் அறிக்கை அம்பலப்படுத்தியது. கைக்கு எட்டாத தூரத்தில் உணவும் தண்ணீரும் வைக்கப்பட்டன. சட்டம் அப்போதும் இருந்தது. மறுவருடம் இன்னொன்று நடந்தது. ஜான் ஜெரார்டு என்ற முதிய மருத்துவர், மறதிநோய் உள்ளவர், காலில் புண்ணுக்காக அனுமதிக்கப்பட்டார். குடும்பத்தார் உடனிருக்கப் பெரிதும் தடை. சில வாரங்களில், வீட்டில் ஓரளவு நன்றாக இருந்தவர் நடக்கவும் பேசவும் முடியாதவராகத் திரும்பினார். அவ்வாண்டு இறுதியில் இறந்தார். அவர் மகள், எழுத்தாளர் நிக்கி ஜெரார்டு, தோழியோடு சேர்ந்து 'ஜான் இயக்க'த்தைத் தொடங்கினார். மறதிநோய் உள்ளவரோடு வீட்டார் தங்கியிருக்க மருத்துவமனை இடம் தர வேண்டும் என்பதே கோரிக்கை.

இதைப் படிக்கும் நம்மூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். இங்கே அட்டெண்டர் இல்லாமல் கட்டிலே கிடைக்காது! இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் மருமகளை அங்கே போராடித்தான் உள்ளே விட வைக்க வேண்டியிருந்தது. தாத்தாவுக்கு எந்தக் காது கேட்கும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அந்த மருமகளுக்குத் தெரியும். ஆகவே குடும்பம் கூட இருப்பதைத் தடையாக நான் பார்க்கவில்லை. கேள்வி முதலில் யாரிடம் போகிறது என்பதில்தான் கோளாறு.

அது ஏன் மகனிடம் போகிறது? தனியார் மருத்துவமனையில் கவுண்டரில் அட்வான்ஸ் கட்டுபவர் அவர். எஸ்டிமேட்டை விளக்குவதும் அவரிடமே. பிரிட்டனில் 1948 முதல் படுக்கையருகே பில் வருவதில்லை. அதனால் பணம் கட்டுபவர் என்ற மூன்றாமவர் பேச்சின் நடுவே வருவதில்லை. ஆனால் பணம் முழுக் காரணம் ஆகாது. நம் அரசு மருத்துவமனையில் பில் இல்லை, அங்கும் பெரியவரைக் கேட்பது அரிது. ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டு ஓடுவதும், ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பதும் அட்டெண்டர். ஓடுபவரிடம் பேசுவது டாக்டருக்குப் பழகிப்போகிறது.

பயாப்சி முடிவு வரும் நாளில் இது உச்சத்துக்குப் போகும். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருக்கிறது; அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். பிறகு ஒருநாள் அவர், "என்னை ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்கப்பா" என்கிறார். நாம் அதை அடம் என்கிறோம். இங்கிலாந்தில் அதைச் சிகிச்சை பற்றிய ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு, புரிந்துதான் சொல்கிறாரா என்று விசாரித்துவிட்டு, மதித்தாக வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போகும்போது காது மெஷினையும் மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டால், "அவரையே கேளுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். மீள முடியாத நோயில், பேச முடியாமல் போனபின் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை அவர் முன்கூட்டியே எழுதிவைக்க 2018 முதல் நம் நாட்டிலும் வழி உண்டு. முன்பு அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும்.