திமிரியிலிருந்து பாரிக்கு

காரைக்காலுக்குத் தென்மேற்கே, எல்லை கடந்த சிறு தொலைவில் இருக்கிறது திருமருகல். நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) பெயருக்கு முன் நிற்கும் டி.என். என்பது, அவரை வளர்த்த தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையைக் குறிப்பது. பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக விளங்கிய அவரது வரலாறு, ஒரு கருவி உருமாறிய வரலாறும் ஆகும்.

நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் என்னும் நான்கும் சேர்ந்தது பெரிய மேளம். மேலைநாட்டு ராக் குழுக்கள் மின்கருவிகளால் பெற்ற உரத்த ஒலியை, இது மூச்சாலும் தோலாலுமே பெற்றது. வீதியுலாவின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்பதால் குட்டையான, சுருதி மிகுந்த திமிரி நாகஸ்வரமே வழக்கிலிருந்தது. ஆனால் அதில் சுத்த மத்திமம் செம்மையாக அமைவது அரிது. நிதானமான ஆலாபனைக்கு உச்ச சுருதியும் தடை.

வாய்ப்பாட்டும் பயின்றிருந்த இராஜரத்தினத்துக்கு அக்குறை உறுத்தியது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் சுத்த மத்திமம் தெளிவாகப் பேசும் நீண்ட பாரி நாகஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைந்து தந்தார். சுருதி தாழ்ந்தது, இராகம் விரிந்தது. அவரது தோடி இசைத்தட்டாக வீடுதோறும் நுழைந்தது. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மேதைகள் உடன் நின்றனர்.

கருவி நீண்டதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றுண்டு. மேலாடையைக் களைந்து இடுப்பில் கட்டி, நின்றும் நடந்தும் வாசிப்பதே இசை வேளாளருக்கு விதிக்கப்பட்டிருந்த காலம் அது. இராஜரத்தினம் கிராப்பு வைத்தார், சட்டை அணிந்தார், பாடகர்களுக்கு நிகராக மேடையில் அமர்ந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ (1940) படத்தில் கதாநாயகனானார். 1947 ஆகஸ்டில், விடுதலையையொட்டி ஆதீனத்துக் குழுவினருடன் டெல்லி சென்று வாசித்தார். இவற்றைக் கலைஞனின் செருக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. தலைமுறைகளாக நிற்கவைக்கப்பட்ட ஒரு கலை, உட்கார இடம் கேட்ட குரல் அது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பாரி நிலைபெற்றது, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் நம் திருமண மண்டபங்களில் நாகஸ்வரக்காரர் வாசிக்கையில், எதிரே இருப்போர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கலைஞருக்கு இருக்கையை இராஜரத்தினம் வாங்கித் தந்துவிட்டார்; செவிகளை நாம்தான் தர வேண்டும்.