ஒரு வசைச்சொல்லின் சரித்திரம்

'ப்ளடி' என்ற ஆங்கில அடைமொழிக்கு நேர் அர்த்தம் 'ரத்தம் தோய்ந்த' என்பது. வசையாக வரும்போது இந்த அர்த்தம் உதிர்ந்துவிடுகிறது. குளிர், ரயில், மேலதிகாரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே மாதிரி வந்து நிற்கிறது. பேசுகிறவனின் குரலை அழுத்திக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இப்படி அர்த்தம் வற்றிப்போன ஒரு சொல்லை நெடுங்காலம் நடு எழுத்துகளுக்குக் கோடு போட்டே ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சிட்டன. ஏன்?

வழக்கமான பதில், கன்னி மேரியின் பேரால் இடும் ஆணை ('பை அவர் லேடி') சிதைந்து இப்படி ஆயிற்று, ஆகவே தெய்வ நிந்தனை என்பது. இது நிற்காது. ஆணை தனித்து நிற்கும். இன்னொரு சொல்லுக்கு 'மிக' என்ற பொருளில் அடையாக ஒட்டாது. 'ப்ளடி'யோ பழைய உதாரணங்களிலேயே அப்படித்தான் ஒட்டுகிறது. 1676-ல் எதரெஜின் 'தி மேன் ஆஃப் மோட்' நாடகத்தில் அது குடிபோதையின் அளவைச் சொல்ல வருகிறது. மிக இளம் வயதைக் குறிக்க ஜெர்மனில் ரத்தத்தை முன்னொட்டாக்கி 'ப்ளூட்யுங்' என்பார்கள். அங்கே எந்த ஆணையும் இல்லை. 'ப்ளட்' என்று அழைக்கப்பட்ட பிரபு வீட்டு ரௌடி இளைஞர்களைப் போலக் குடித்தவன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் முதல் பதிப்பு சொன்ன ஊகம்.

1711-ல் ஸ்விஃப்ட், பாதிரியார், தன் சிநேகிதிகளுக்கு எழுதும்போது அன்று நடந்த வெயிலுக்கு இந்த அடைமொழியைக் கூச்சமில்லாமல் போடுகிறார். பிறகுதான் சொல் கீழே இறங்குகிறது. 1880-களில் மேற்படி அகராதி, கடைநிலை மக்களின் வாயில் சதா புழங்குவது, கௌரவமானவர்கள் அருவருப்பது என்று பதிகிறது. இங்கே அகராதி அர்த்தம் சொல்லவில்லை, விலாசம் சொல்கிறது. 1847-ல் வெளிவந்த ஆஸ்திரேலியப் பயண நூலில் மார்ஜரிபாங்க்ஸ், ஒரு மாட்டுவண்டிக்காரன் கால்மணி நேரத்தில் இதைச் சொன்ன தடவைகளை எண்ணி, 50 வருஷத்துக்கு 1,82,00,000 தடவை என்று கணக்குப் போட்டார். கனவான்களின் பேச்சை யாரும் இப்படி எண்ணியதாகத் தெரியவில்லை.

1914 ஏப்ரல் 11-ல் லண்டனில் ஷாவின் 'பிக்மேலியன்' மேடையேறியது. பூக்காரி எலிஸாவாக 49 வயது மிஸஸ் பேட்ரிக் காம்ப்பெல். உச்சரிப்பு திருத்தப்பட்ட எலிஸா, கௌரவமான வீட்டு வரவேற்பறையிலிருந்து கிளம்பும்போது இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறாள். அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் பிடித்தது. அந்தச் சிரிப்பை விட முக்கியமானது பின்னால் நடப்பது. கூட இருந்த கிளாரா என்ற பெண், இது புது நாகரிகப் பேச்சாக்கும் என்று எண்ணித் தானும் சொல்லிப் பார்க்கிறாள். உச்சரிப்பு சரியாக இருந்தால் சேரிச் சொல்லும் ஃபாஷனாகிவிடும் என்பதை ஷா கண்டுகொண்டிருக்கிறார்.

இந்தியாவில் கிளாராவின் கதை பெரிய அளவில் நடந்தது. இங்கே இது துரைகளின் வாயிலிருந்து கேட்ட சொல். அங்கே வண்டிக்காரனுக்கு இழிவு சேர்த்த அதே சொல், தமிழ்ப் படத்தில் பணக்கார அப்பா 'ப்ளடி ஃபூல்' என்று கத்தும்போது படிப்புக்கும் அந்தஸ்துக்கும் அடையாளம். அதே கோபத்தில் அவர் வீட்டு வேலைக்காரன் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் அது கொச்சை, ஆபாசம். நம் எழுத்தில் ஆபாசத்தைத் தேடிப் பிடிக்கிற விமர்சகர்கள், அந்தச் சொல்லின் அர்த்தத்தைப் பார்க்கிறார்களா, பேசுகிறவனின் விலாசத்தைப் பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.