நெஃபெர்

நெஃபெர் என்பது பண்டைய எகிப்திய மொழியில் அழகு, நன்மை, நிறைவு ஆகிய பொருள்களைத் தரும் ஒரு பெயரடைச் சொல் ஆகும். எகிப்திய எழுத்துமுறை மெய்யொலிகளையே குறித்தது. எனவே எழுத்தில் உள்ளவை ந், ஃப், ர் என்னும் மூன்று மெய்கள் மட்டுமே. இடையில் வரும் எகரங்கள் வாசிப்பு வசதிக்காக எகிப்தியலாளர்கள் சேர்த்தவை.

எழுத்து வடிவம்

இதயத்தையும் மூச்சுக்குழாயையும் காட்டும் படவெழுத்து இச்சொல்லைக் குறிக்கிறது. ஆலன் கார்டினரின் பட்டியலில் இது எஃப்35 ஆகும். இக்குறி தனித்தே மூன்று மெய்களையும் தரும். எனினும் ஃப் ஒலிக்குரிய கொம்புப் பாம்பும் ர் ஒலிக்குரிய வாயும் துணைக்குறிகளாகச் சேர்க்கப்படுவதுண்டு.

இலக்கணம்

பெயரடை பெயருக்குப் பின் வரும். அதன் பால், எண்ணுக்கு ஏற்ப மாறும்.

- ஆண்பால் ஒருமை: நெஃபெர்
- பெண்பால்: நெஃபெரெத்
- ஆண்பால் பன்மை: நெஃபெரு

பெர் நெஃபெர் என்பது 'நல்ல வீடு' என்னும் சொற்றொடர். நெஃபெர் பெர் என முன்னால் வந்தால் 'வீடு நன்றாக உள்ளது' என்னும் முழு வாக்கியமாகிவிடும். இவ்வாறு பயனிலையாக வரும்போது எழுவாய் பெண்பாலாயினும் சொல்வடிவம் மாறாது.

இன்மைப் பொருள்

பழைய எகிப்திய மொழியில் நெஃபெர் பூ என்னும் தொடர் 'இல்லை' எனப் பொருள்பட்டது. நெஃபெரித் என்னும் தொடர்புடைய சொல் 'முடிவு' எனப் பொருள்படும். நிறைவுற்றது முடிந்தது, முடிந்தபின் எஞ்சுவது ஒன்றுமில்லை என இப்பொருள் விளக்கப்படுகிறது. 13ஆம் வம்சத்தைச் சேர்ந்த பூலாக் 18 பாப்பிரசுக் கணக்கேட்டில், வரவும் செலவும் சமமாகி மீதி இல்லாத இடங்களில் நெஃபெர் குறி இடப்பட்டுள்ளது. ஆயினும் இது இன்றைய சுழியத்தைப் போன்ற இடமதிப்பு இலக்கம் அன்று.

தொடர்புடைய சொற்கள்

- நெச்செர் நெஃபெர்: 'நல்ல கடவுள்', அரசனின் பட்டம்
- நெஃபெர் ஹெர்: 'அழகிய முகத்தோன்', தாஹ் கடவுளின் அடைமொழி
- நெஃபெர்டீட்டீ: 'அழகி வந்துவிட்டாள்', அரசன் அக்கெனாத்தெனின் மனைவி
- மென்நெஃபெர்: முதலாம் பெப்பியின் பிரமிடின் பெயர், பின்னர் மெம்பிசு நகரின் பெயர்
- பின், ஜு: 'தீயது', எதிர்ச்சொற்கள்

உண்மையான ஒலிப்பு

கிமு 13ஆம் நூற்றாண்டில் அரசி நெஃபெர்த்தாரி இட்டைட்டு அரசிக்கு எழுதிய மடல், உயிரொலிகளையும் காட்டும் ஆப்பெழுத்தில் அமைந்தது. அதில் அவர் பெயர் நப்தேரா என உள்ளது. எகிப்திய மொழியின் இறுதி நிலையான கோப்திக்கு, கிரேக்க எழுத்துகளைத் தழுவி உயிரொலிகளையும் எழுதியது. அதில் இச்சொல் ஆண்பாலில் நூஃபெ எனவும் பெண்பாலில் நோஃப்ரெ எனவும் வழங்குகிறது. ஆண்பாலில் இறுதி ரகரம் மறைந்துவிட்டது. மென்நெஃபெர் என்பதன் கிரேக்க வடிவமான மெம்பிசு என்னும் பெயரில் ரகரம் இல்லாததும் இதனாலேயே.