செத்த கையும் முகக்கண்ணாடியும்

பாரிசவாயு கண்டவனுடைய கை "செத்த கை" என்பது கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் நான் சிறுவயது முதற் கேட்டுவரும் பேச்சு. கிராணி வேலைக்கு வந்த பின்னர், அவ்வாறு விழுந்த தொழிலாளி ஒருவரின் பெயரைச் செக்ரோலிலிருந்து நானே அடித்தேன். தலைவிதி என்றனர் வீட்டார். ஏவல் என்று தகடு கட்டினார் பூசாரி. அவரோ லயத்து வாசலிற் கிடந்தார். கையை அசைத்துப் பாரும் என்று சொன்னவர் ஒருவருமில்லை. நானும் சொல்லவில்லை.

பாமரரை மட்டும் பழித்தல் முறையன்று. மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய இதனையே நம்பிற்று. 1906இல் நோபெல் பரிசு பெற்ற ஸ்பெயின் தேசத்து அறிஞர் ரமோன் இ காஹால், வளர்ந்த மனிதனின் நரம்புப் பாதைகள் மாறாதவை, அழிந்தால் மீள முளையாதவை என்று தீர்ப்புக் கூறினார். எதிர்கால விஞ்ஞானம் கூடுமாயின் இத்தீர்ப்பை மாற்றட்டும் என்று எழுதிவைத்தவரும் அவரே. பூசாரிகள் அவ்விதம் எழுதிவைப்பதில்லை!

மாற்றியோருள் ஒருவர் தமிழர். 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, கலிபோர்னியாவிற் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரனே அவர். கையின் உணர்ச்சி நரம்புகள் அறுபட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலான குரங்குகளின் மூளையில், கைக்குரிய இடத்தை முகம் கைப்பற்றியிருந்ததை 1991இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதனைப் படித்த இராமச்சந்திரன், கையிழந்த இளைஞன் ஒருவனின் கண்ணைக் கட்டி, பஞ்சுக் குச்சியாற் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாகவும் அவன் உணர்ந்தான்! மூளை கல்லில் வெட்டிய எழுத்தன்று என்பது மனிதனிடத்தும் புலனாயிற்று.

இல்லாத கை இறுக மூடி வலிக்கிறது என்று வருந்துவோர்க்கு அவர் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கைபோலத் தோன்ற, சிலருக்கு வலி நீங்கிற்று. அதே கண்ணாடியைப் பாரிசவாயு கண்ட ஒன்பது பேரிடம் ஆல்ட்ஷூலரும் இராமச்சந்திரனும் பிறரும் சோதித்து 1999இல் வெளியிட்டனர். கண்ணாடிக்குப் பதில், மறுபுறம் தெரியும் பிளாஸ்டிக் தகட்டை வைத்தும் பயிற்றினர். கண்ணாடியே மிகுந்த பயன் தந்தது.

மாண்ட மூளை அணுக்கள் உயிர்த்தெழுவதில்லை. பிழைத்த அண்டை அணுக்கள் புதுக் கிளை விடுகின்றன. உறங்கிக் கிடந்த இணைப்புகள் விழிக்கின்றன. ஆயின் அவற்றை எழுப்புவது திரும்பத் திரும்பச் செய்யும் அசைவே. கிடத்தி வைத்தால் உள்ளதும் போகும். 2018இல் 62 ஆராய்ச்சிகளையும் 1,982 நோயாளிகளையும் சேர்த்து ஆய்ந்தோர், மற்றைப் பயிற்சிகளோடு கூட்டிச் செய்தாற் கண்ணாடி பயன் தரும் என்றனர். முழுக் குணம் என்று எவரும் சொல்லவில்லை.

முதல் நேரத்தின் அருமை தனி. இரத்தக்கட்டியால் வந்ததாயின், அதனைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். தகடு எழுதவே அந்நேரம் போய்விடும்.

இவற்றை நான் படித்தறிந்தபோது அத்தொழிலாளி உயிரோடில்லை. இப்பொழுது பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி, மருத்துவமனையிற் காட்டிக்கொடுத்தபடி, பேத்தியின் அலமாரிக் கண்ணாடியை மேசைமேல் நிறுத்திக் காலையும் மாலையும் விரல்களை விரித்து மூடுகிறார். சென்ற வாரம் இடக் கட்டைவிரல் சற்றே அசைந்தது.