மழலைப் பேச்சும் பிற்கால எழுத்தும்

1. கேள்வி

வாயாடிக் குழந்தை பின்னாளில் நன்றாக எழுதும் என்று பலரும் நம்புகிறோம். பேச்சின் அளவை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. எவ்வகைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தது என்பதே முக்கியம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

2. பிரிஸ்டல் சான்று

1970களில் கார்டன் வெல்ஸ் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஆராய்ந்தார். குழந்தையின் உடையில் கம்பியில்லா மைக் இருக்கும். காலை முதல் மாலை வரை இடைவெளி விட்டு, 90 விநாடித் துண்டுகளாகப் பேச்சு பதிவாகும். எப்போது பதிவாகிறது என்று வீட்டாருக்குத் தெரியாது. எனவே சாப்பாட்டு நேரப் பேச்சும் விளையாட்டும் உள்ளபடியே கிடைத்தன.

அக்குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பள்ளியிலும் பின்தொடர்ந்தார். படம் பார்த்துப் பெயர் சொல்வது, வண்ணம் தீட்டுவது ஆகியவற்றைவிட, கதை வாசிக்கக் கேட்ட அனுபவமே பிற்காலக் கல்வியுடன் தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. 1986இல் வெளிவந்த அவருடைய நூலில் ரோஸி, ஜொனாத்தன் என்று இரு குழந்தைகள் வருகிறார்கள். ஜொனாத்தன் பள்ளி சேருமுன் ஆயிரக்கணக்கான முறை கதை கேட்டவன். ரோஸிக்கு ஒரு கதைகூட வாசிக்கப்படவில்லை. பத்து வயதிலும் இருவருக்கும் இடையிலான கல்வி இடைவெளி நீடித்தது. வீட்டு வசதி உட்பட வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்றாகிவிடாது.

3. கதை தருவது

“அது அங்க இருந்துச்சா, அவன் எடுத்துட்டான்” என்று குழந்தை விரல் நீட்டிச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும். தாளில் நீட்ட விரல் இல்லை. ‘அது’ எது, ‘அவன்’ யார் என்பதைச் சொற்களே சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே இல்லாத காட்டையும் சிங்கத்தையும் சொற்களாலேயே கட்டியெழுப்பும் கதை, இந்தப் பழக்கத்தைக் காதுவழி ஊட்டுகிறது.

4. எழுத்துக்கூட்டல்

கதை கேட்டு வளர்ந்தால் மட்டும் போதாது, எழுத்துக்கூட்டவும் வர வேண்டும். கானி ஜுவல் 54 அமெரிக்கக் குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துத் திறனை எழுத்துக்கூட்டல், கருத்துருவாக்கம் என இரு கூறுகளாகக் கண்டது. முதலாவது தடுமாறினால், சொல்லக் கதை இருந்தும் கை ஓடாது.

5. தமிழ்க் குழந்தை

தமிழில் இன்னொரு படியும் உண்டு. ‘வந்துச்சு’ என்று பேசும் குழந்தை ‘வந்தது’ என்று எழுத வேண்டும். பாட்டி சொல்லும் கதை நிகழ்ச்சிகளைக் கோக்கும் திறனைத் தருகிறது. அது பேச்சுத் தமிழில் இருப்பது குறையே அல்ல. எழுத்துநடை காதில் விழ, புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டவும் வேண்டும். இவ்விரண்டும் கிடைக்காமல் முதல் வகுப்புக்கு வரும் குழந்தையிடம் கட்டுரை நோட்டை நீட்டுவது அநியாயம். அக்குழந்தையைப் பேச்சுமொழியிலேயே கதை சொல்லவிட்டு, ஆசிரியர் அக்கதையை எழுத்துநடையில் கரும்பலகையில் எழுதி வாசித்துக் காட்டலாம். மறுநாள் குழந்தையே ஒரு வரியைச் சேர்க்கட்டும்.