திருச்சிராப்பள்ளியில் நம் சபைக் குடும்பங்கள்

சுவார்ட்ஸ் ஐயர் 1766இல் கோட்டைக்குள் கட்டிய ஆலயம் நமக்குரிய பெருமையே. ஆயினும் இந்நகரில் கிறிஸ்தவர் என்றவுடன் பிறர் நினைவுக்கு வந்தோர் ரோமன் கத்தோலிக்கரே. அவர்கள் சர்வேசுரன் என்றனர். நாம் பராபரன், தேவன் என்றோம். வாய் திறந்ததும் வேறுபாடு தெரிந்தது.

பிஷப் ஹீபர் கல்லூரி 1930களில் மூடப்பட்டு 1966இல் மீண்டும் திறக்கப்படும்வரை, இயேசு சபையாரின் தூய வளனார் கல்லூரி நம் பிள்ளைகளுக்கும் இடமளித்தது. இந்நன்றிக்கடனை நாம் போதிய அளவு எழுதிவைக்கவில்லை.

கடினமாயிருந்தது திருமணமே. 1908இல் நடைமுறைக்கு வந்த ரோமச் சட்டப்படி, கத்தோலிக்கர் ஒருவர் நம் போதகர்முன் செய்யும் விவாகம் அவர்கள் திருச்சபையில் செல்லாததாயிற்று. ஆகவே பண்டிகைப் பலகாரம் பகிர்ந்துகொண்ட அண்டை வீட்டார், சம்பந்தம் என்றதும் பின்வாங்கினர், நம்மவரும் அவ்வாறே. 1995இல் இரு சாராரும் கூடி உழைத்த திருவிவிலியம் வெளிவந்தது. நம் இல்லங்களிலோ இன்றும் பழைய மொழிபெயர்ப்பே பெரிதும் வாசிக்கப்படுகிறது.